கடைசி வரிசைத் தண்ணீர்

மகனே,

நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கிற நிலையிலும் இல்லை. உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. பெங்களூர் பீர் ஆலையில் உன்னைக் குளிர்மெஷின் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்றும், நம்ம ஊர் ஐஸ் பாக்டரி மாதிரி அங்கே உப்புத் தண்ணீர் கிடையாது, கிளைக்கால் என்று எண்ணெய் போலக் கொழகொழப்பான ஒன்றைத் தண்ணீரில் கலந்து குழாய்களில் ஓட்டுகிறார்கள் என்றும், அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தினமும் அளந்து நோட்டில் எழுதுவதுதான் உன் வேலை என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கத்தில் நாலு வரி இருந்தது. "இங்கேயும் ஒரு பொன்னான் இருக்கிறான் அப்பா. கடைசி நிலவறைக் குழாய்க்குள் மணல் ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிறதாம், கிளைக்கால் செத்துப்போச்சாம். மீட்டர் முப்பத்தைந்து காட்டுகிறது, இவன் எனக்குப் பாடம் நடத்துகிறான். நேற்று எல்லோர் முன்னாலும் ஒரு அறை விட்டேன். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை."

இந்த நாலு வரிக்குத்தான் இந்தக் கடிதம். இது உன் கைக்கு வருவதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். மெஷினை நிறுத்து, அந்த ஆளை நிலவறைக்கு அனுப்பாதே, கடிதம் வருகிறது என்று கொடுத்திருக்கிறேன். தந்தி ஆபீஸ் குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிவிட்டு நிமிர்ந்து, "ஏனுங்க, யாருக்காச்சும் முடியலீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, என் மகனுக்கு" என்றேன்.

பொன்னான் என்கிற பெயரை நீ எங்கே கற்றாய்? என்னிடம்தான். நீ விளக்குச் சிம்னியை உடைத்தால் "பொன்னான் வேலை பண்ணாதே" என்று சொல்வேன். உன் அக்கா பாலைப் பொங்கவிட்டால் உன் அம்மா "பொன்னான் கை பட்டுப்போச்சு" என்பாள். உன் அக்கா கல்யாணத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு என்னைச் சொல்லவைத்த கதை அது. அறிவுகெட்ட கூலியாள் ஒருவன் தொடக்கூடாத வால்வைத் தொட்டுத் திருகினான், அம்மோனியா வெடித்தது, நான் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினை நிறுத்தி எல்லோரையும் காப்பாற்றினேன், அவன் மட்டும் தன் வினையால் செத்தான். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கினாய். வீட்டுக்கு வந்து சொன்னாய், நான் உன் தலையைத் தடவினேன். அந்தக் கதையில் வெடிப்பும் ஈரத்துண்டும் சாவும் தவிர வேறெதுவும் உண்மை இல்லை. பொன்னானைக் கொன்றது நான். வால்வை யாரும் தொடவில்லை. நான் யாரையும் காப்பாற்றவில்லை, முதல் ஆளாக ஓடினேன்.

நான் மெஷின் ஓட்டிய அந்த ஐஸ் பாக்டரிக்குள் நீ வந்ததே இல்லை, அதனால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நீளமான கொட்டகை. தெருப்பக்கம் முன்வாசல், அதை ஒட்டிக் கம்ப்ரஸரும் வால்வும் இருக்கிற மெஷின் ரூம். சாக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பின்கதவு. இரண்டுக்கும் நடுவில், சுவருக்குச் சுவர், தரைக்குள் இறக்கிக் கட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்கள் வரிசை வரிசையாகக் கழுத்துவரை முங்கி நிற்கும். தொட்டிக்குள்ளேயே அம்மோனியாக் குழாய்ச் சுருள். அது உப்புத் தண்ணீரைக் குளிரவைக்கும், உப்புத் தண்ணீர் டின்னுக்குள் இருப்பதை ஐஸ் ஆக்கும். உப்பு போதுமான அளவு இருக்கும்வரை தொட்டித் தண்ணீர் மட்டும் உறையாது. டின்களுக்கு மேலே மரப்பலகை மூடி. முன்னாலிருந்து பின்னால் போகவும், பின்னாலிருந்து முன்னால் வரவும் அந்தப் பலகைகள்தான் வழி. வேறு வழி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்.

பின்பக்கக் குழியில்தான் பொன்னானுக்கு வேலை. ஊருக்கு வெளியே அவர்கள் சாதிக்கென்று ஒதுக்கிய வளவிலிருந்து வருவான். உப்புக்கட்டியை உடைத்துக் கூடையில் போட்டு அந்த மூலையில் தொட்டிக்குள் தொங்கவிட்டுக் கரைப்பான். டின்களைத் தூக்கும்போது வழிகிற உப்புத் தண்ணீர் சுவரோரக் கால்வாயில் ஓடி அவன் குழிக்கு வரும், அதை அள்ளித் திரும்பத் தொட்டியில் ஊற்றுவான். அவன் கைகள் நாள் முழுக்க அந்தத் தண்ணீரில்தான். விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சதை தெரியும். அவன் பின்கதவு வழியாக வரவேண்டும், பின்கதவு வழியாகப் போகவேண்டும். பலகை மேல் கால் வைக்கக் கூடாது. பலகைக்குக் கீழே இருப்பது ஊர் குடிக்கப்போகிற தண்ணீர். கல்யாண வீட்டுச் சர்பத்துக்கும் ஹோட்டல் சோடாவுக்கும் போகிற ஐஸ். அவன் பாதம் மேலே பட்டால் அது தீட்டாகிவிடும். முதலாளி வாயால் சட்டம் போட்டார். தினமும் அதைக் கத்தி நடத்தியவன் நான். கூடையைத் தூக்கிக்கொண்டு அவன் ஒரு அடி அந்தப் பக்கம் வந்தால் போதும், "டேய், பலகை மேல ஏறாத" என்று என் குரல் எழும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். பின்கதவையும் வேலை நேரத்தில் வெளியிலிருந்து தாழ்போட்டு வைத்திருந்தோம். உப்பையும் சாக்கையும் கடத்திவிடுவானாம். ஊருக்கே ஐஸ் கொடுக்கிற முதலாளிக்கு, ஒருவன் மடியில் ஒரு பிடி உப்பு போய்விடுமோ என்று பயம்.

இனி அளக்கிற கதைக்கு வருகிறேன். நீ முப்பத்தைந்து முப்பத்தைந்து என்று எழுதுகிறாயே, அதே மாதிரி நானும் எழுதியவன்தான். உப்புக்கு என்னிடம் இருந்தது அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடித் தண்டு, அதுதான் மீட்டர். தண்ணீர் கனமாக இருந்தால் உயர்ந்து நிற்கும், உப்பு குறைந்தால் இறங்கும். பெட்டியில் பஞ்சு வைத்து அதைக் காப்பாற்றினேன். வேட்டி நுனியால் துடைப்பேன். பொன்னான் அதைத் தொடக் கூடாது, அது நிற்கிற ஜாடியையும் தொடக் கூடாது. ஆனால் உப்புத் தண்ணீரில் கை விட்டு மொள்ளுவது அவன் வேலை. எங்கள் ஆட்கள் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். அதனால் அவன் தன் மூலையில் தகரக் குவளையால் மொண்டு, எட்டி நின்று, ஜாடியில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவான். நான் மீட்டரை மிதக்கவிட்டுப் படித்து நோட்டில் எழுதுவேன். உனக்குப் புரிகிறதா? உப்புக்கூடை கரைந்துகொண்டிருக்கிற மூலையில் நின்று தொட்டிக்கு எவ்வளவு உப்பு என்று அளந்தேன். அங்கே எப்போதும் நன்றாகத்தான் காட்டும். முன்வாசல் பக்கத்துக் கடைசி வரிசையில், குழாய்ச் சுருள் இருக்கிற இடத்தில், என்ன நடக்கிறது என்று பார்க்கப் பலகையைத் தூக்கி மொள்ள வேண்டும். மொள்ளுகிறவன் பலகை மேல் வரக் கூடாது. வரக்கூடியவன் மொள்ள மாட்டான். நானே குனிந்து மொண்டிருக்கலாம். மீட்டர் பிடிக்கிற கையால் அந்த வேலையைச் செய்வதா என்று இருந்தேன். இதுதான் நம் சாதிப் பெருமை. பத்து எட்டு நடந்து ஒரு குவளைத் தண்ணீர் மொள்ள விடாத பெருமை.

அந்த வருஷம் தேர் நோம்பித் திருவிழாவுக்கு ஐஸ் கேட்டு வண்டிகள் தெருவரை நின்றன. தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடுகிற விசிறியின் பேரிங் தேய்ந்து பாதி வேகத்தில்தான் சுற்றியது. "நோம்பி முடியட்டும், மாத்திக்கலாம்" என்றார் முதலாளி. கடைசி வரிசையில் துருப்பிடித்த டின்கள் ஒழுகி, உள்ளே இருந்த நல்ல தண்ணீர் தொட்டியில் கலந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் மீட்டர் நன்றாக நின்றது.

ஒரு நாள் காலையில் குவளையை ஊற்றிவிட்டுப் பொன்னான் அங்கேயே நின்றான்.

"சாமீ, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்."

"என்னடா?"

"கடைசி வரிசை டின்னு தூக்கறப்ப வர்ற தண்ணி கையில எரியவே மாட்டேங்குதுங். மத்த வரிசைத் தண்ணி பட்டா உசிரு போவுது. அந்தக் கோடியில உப்பு செத்துப்போச்சுங் சாமீ."

"மீட்டரு பாத்துட்டுத்தான்டா நிக்கறேன். நல்லாத்தான் நிக்குது."

"மீட்டரு இந்த மூலையிலங்களே நிக்குது. நாஞ் சொல்றது அந்த மூலைத் தண்ணிங்."

பலகை மேல் சங்கிலிக் கப்பியில் டின் தூக்கிக்கொண்டிருந்த காளியப்பன் அங்கிருந்தே கத்தினான். "ஏனுங் மாமா, மீட்டரைக் காயலான் கடையில வீசிப்போட்டு, அவன் கையை வெட்டி ஆணியில மாட்டுங். தெனமும் அதை மோந்து பாத்து நோட்டுல எழுதிக்கலாம்!" எல்லோரும் சிரித்தார்கள். பொன்னானும் சிரித்துவிட்டான். அவன் சொன்னதற்காக நான் அடிக்கவில்லை மகனே, அவனும் சேர்ந்து சிரித்தானே, அதற்கு அடித்தேன். ஜாடி வைக்கிற பித்தளைத் தாங்கி கையில் இருந்தது. அதாலேயே வாயில் அடித்தேன். கீழுதடு கிழிந்து இரண்டு பற்கள் உப்புக்குவியலில் விழுந்தன. அவன் குனிந்து அவற்றைப் பொறுக்கினான். உப்பு ஒட்டிய விரலை வாயில் வைத்து ரத்தத்தை அடைத்தான். அது எப்படி எரிந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்று யோசிக்கவில்லை. "நீங்க சொன்னாச் செரிங் சாமீ" என்று சொல்லிவிட்டு உப்பை உடைக்கப் போனான். காங்கேயத்தில் உன் தாத்தா பண்ணையாளை மாட்டுச் சாட்டையால் அடிப்பதை நான் சின்ன வயதில் பார்த்து அழுதிருக்கிறேன். அவரைப் போல ஆகக்கூடாது என்றுதான் காட்டை விட்டு டவுனுக்கு மெஷின் வேலைக்கு வந்தேன். மெஷினுக்கு முன்னால் நின்றதும் என் கையும் அந்தக் கைதான் என்று தெரிந்தது. உன்னுடையதும் அதுதான் என்று நேற்றுத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியம். உப்பு செத்த தண்ணீர் குழாய்ச் சுருளைச் சுற்றி ஐஸாகக் கட்டிக்கொண்டது. சுருளுக்கு மேல் ஐஸ் போர்த்திவிட்டால் உள்ளே ஓடுகிற அம்மோனியாவுக்குச் சூடு கிடைக்காது. ஆவியாகாமல் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பும். உனக்கு இதைப் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்குக் காது சொல்லிக்கொடுத்தது. கம்ப்ரஸர் சிலிண்டரின் மேல்வரை வெள்ளையாகப் பனி ஏறியது. உள்ளே சுத்தியலால் தட்டுகிற மாதிரி டங், டங் என்று கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். நான் முன்வாசலுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். வண்டிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "சாயங்காலம் வரைக்கும் ஓட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். திரும்பி வந்து மெஷின் பக்கத்தில் நின்றேன். நிறுத்தும் பிடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை நான் தொடவில்லை.

சிலிண்டரின் தலை பிளந்தது. ஒரு இரும்புத் துண்டு கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. வெள்ளைப் புகை தரையோடு உருண்டு வந்தது. அம்மோனியா மூக்கில் ஏறுவது கத்தி ஏறுவது மாதிரி. கண்ணுக்குள் மிளகாயை அரைத்து அப்பியது போல இருக்கும், தொண்டை தானாக மூடிக்கொள்ளும். காளியப்பன் வாந்தி எடுத்துக்கொண்டே ஓடினான். நான் துண்டை டின் நிரப்புகிற தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு அவனைத் தள்ளிவிட்டு முன்வாசலுக்கு ஓடினேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். பொன்னான் குழியிலிருந்து ஏறிப் பின்கதவை உதைத்தான். வெளியே தாழ். இந்தப் பக்கம் திரும்பினான். பலகை ஓரத்துக்கு வந்தான். இருபது அடிகூட இருக்காது. ஒரு காலைத் தூக்கிப் பலகை மேல் வைத்தான். அந்தக் கண்ணில் என்னைப் பார்த்திருக்க முடியுமா தெரியாது, முகம் என் பக்கம் இருந்தது. நான் கத்தினேன்.

"ஓடியா" என்று கத்தவில்லை. "டேய், பலகை மேல ஏறாத" என்று கத்தினேன்.

நினைத்துச் சொல்லவில்லை. அதையே சமாதானமாகச் சொன்னால் நீ நம்பிக்கொள்வாய், எனக்கும் வசதி. ஆனால் நினைக்காமல் வந்ததுதான் கொடுமை. பத்து வருஷம் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிப்போன சொல், விஷப்புகைக்குள்ளும் தானாக வந்தது. பொன்னான் காலை எடுத்துவிட்டார். அத்தனை எரிச்சலிலும், மூச்சு நிற்கிற நேரத்திலும், என் குரலுக்குக் கீழ்ப்படிந்து காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அதற்குள் புகை நடுவில் மூடிக்கொண்டது. பின்கதவு தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஓடிப்போய்ச் சுற்றிவந்து தாழை நீக்கியிருக்கலாம், சந்து முழுவதும் அறுபது எழுபது அடிதான். நான் வாசல் மண்ணில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். புகை அடங்கி வாட்ச்மேன் போய்த் தாழை எடுத்தபோது கதவோடு சேர்ந்து பொன்னானும் வெளியே விழுந்தார். பத்து விரலிலும் நகம் இல்லை. எந்த வரிசையில் உப்பு செத்தது என்று மீட்டருக்கும் முந்திக் கண்டுபிடித்த விரல்கள்.

அன்று சாயங்காலமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நோட்டுல எல்லாம் செரியாத்தான இருக்குது? அப்பறம் என்னங்க. பொன்னான் வால்வைத் திருகிப்போட்டான். அவ்வளவுதான்." எழுதி வைத்திருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். விசாரிக்க வந்தவர்கள் என் நோட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் அளவு சரி. பொய்யாக ஒரு எண்கூட நான் எழுதவில்லை, அதுதான் வேடிக்கை. மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன். பொய் நான் நின்ற மூலையில் இருந்தது.

மறுநாள் காலையில் வீராயி வந்தாள். பொன்னானின் மனைவி. கூட அவர் தம்பியும் வளவு ஆட்கள் பத்துப் பேரும். அவள் அழவில்லை. முன்வாசலில் நின்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "ஏனுங் சாமீ, எங்கூட்டுக்காரன் எந்த வால்வைத் தொட்டானுங்? மீட்டரைத் தொட உடல. சாடியைத் தொட உடல. பலகையத் தொட உடல. மெஷின் ரூமுக்குள்ளயே கால் வெக்க உடல. தொடவே உடாதவன் எப்புடிங் தொட்டான்?"

பதில் இல்லாதபோது நாம் என்ன செய்வோம்? அடிப்போம். காளியப்பன் கப்பிச் சங்கிலியை எடுத்தான். வண்டிக்காரர்கள் வண்டிப் பக்கத்து முளைக்குச்சிகளை உருவினார்கள். நான் ஐஸ் இழுக்கிற கொக்கித் தடியை எடுத்துப் பொன்னானின் தம்பியைக் காறையெலும்பில் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கிழவன் ஒருவனைச் சாக்கடைக்குள் மிதித்துத் தள்ளினார்கள். வீராயியை நான் அடிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அடித்தேன். தடியின் மறுமுனையால் தோளில். அவள் கீழே விழுந்தும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் என்னைத் தலைமை ஆபரேட்டர் ஆக்கினார்கள். உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது அந்தப் பதவிதான். உன் சட்டையும் புத்தகமும் அங்கிருந்துதான் வந்தன. இது உனக்குத் தெரிய வேண்டாமா?

நேற்று உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இங்கேயும் ஒரு பொன்னான்" என்ற இடத்தில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றுபோட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, கையிலிருந்த பித்தளைச் சொம்பை என் முகத்தில் வீசி அடித்தாள். புருவத்துக்கு மேல் பிளந்துவிட்டது, துணி கட்டியிருக்கிறேன். "இத்தன வருசமா ஒரு கொலையச் சொல்லி என்னையச் சிரிக்க வெச்சீங்களா?" என்றாள்.

கட்டோடு அப்படியே வீராயியைத் தேடிப் போனேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலையில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பலகை மேல் வைத்த கால் வரைக்கும். அவள் சுத்தியலை நிறுத்தவே இல்லை. முடித்த பிறகு, "இதைச் சொல்லவா வந்தீங்? எனக்கு அன்னைக்கே தெரியுமுங். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங். டேசன்ல சொல்லுங். உங்க மவங்கிட்டச் சொல்லுங்" என்றாள். மன்னிப்புக் கேட்டிருந்தால் சுத்தியலை வீசியிருப்பாள், அது நியாயம்தான். உன் கடிதத்தில் இருந்ததையும் சொன்னேன். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மவன் அடிச்சானே, அந்த ஆளு பேரு என்னங்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ எழுதவில்லை.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அந்த அளவு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய், எந்த மூலையில் நின்று அளந்தேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட்ட பொய்யையும், முறித்த எலும்பையும், பின்கதவுத் தாழையும் எழுதுவேன். முதலாளி ஆள் விட்டு அடிக்கலாம். ஜெயில் வரலாம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எதுவுமே நடக்காமலும் போகலாம், அதுதான் எனக்கு அதிக பயம். நீ லீவு போட்டு வராதே. உனக்கு அங்கே வேலை இருக்கிறது.

என்ன வேலை என்று சொல்கிறேன். கிளைக்கால் ஊற்றுகிற பீப்பாய்ப் பக்கத்தில் நின்று அளக்காதே. நீ அங்கேதான் அளக்கிறாய், எனக்குத் தெரியும். கடைசி நிலவறை வழுக்கும், நாறும், கூலியாட்கள் இடம் என்று நீ இறங்குவதில்லை. இறங்கு. குழாய் திரும்பி வருகிற கோடியில், உன் கையால், கொஞ்சம் ஓடவிட்டுப் பிடி. பிடித்த உடனே மீட்டரைப் போடாதே. குளிர்ந்து இருக்கும்போது தண்ணீர் கனத்து நிற்கும், மீட்டர் இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். நானும் அப்படித்தான் சில்லென்று இருக்கும்போதே படித்து ஏமாந்தேன். மீட்டரில் எந்தச் சூட்டுக்கு என்று எழுதியிருக்கிறதோ அந்தச் சூட்டுக்கு வரும்வரை ஜாடியை வைத்திரு. பிறகு கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் படி. உப்பு என்றால் நாக்கில் வைத்துப் பார்க்கலாம். உன்னுடையது இனிக்குமாம், விஷமாம், நாக்கில் வைக்காதே. கிளைக்கால் குறையக் குறையத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள் என்றால் எண் இறங்கியே தீரும். அதை அப்படியே எழுது. மேலே இருக்கிறவன் முப்பத்தைந்து என்று எழுதச் சொன்னால் நோட்டை அவன் மேசை மேல் வைத்துவிட்டு, நீயே எழுதிக் கையெழுத்துப் போடு என்று சொல். வேலை போனால் போகட்டும். குழாய்க்குள் மணல் ஓடுகிற சத்தம் என்று ஒருவர் சொன்னால் அது உறைய ஆரம்பித்த ஐஸ். அவர் காது உன் மீட்டரைவிட முந்திக்கொண்டது. அந்த நிலவறைக்கு எத்தனை கதவு, எந்தக் கதவு எந்தப் பக்கம் தாழ் என்று போய்ப் பார். எந்த வழியாக யார் வரக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருக்கும். எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள், யாராவது கத்திக்கொண்டு இருப்பார்கள். அது நீயாகவும் இருக்கலாம்.

அளந்து முடித்ததும் எல்லோர் முன்னாலும், அறைந்த அதே இடத்தில் நின்று, நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொல். எண் இறங்காமல் முப்பத்தைந்தே காட்டினாலும் அடித்தது தப்பு என்று சொல். அவர் உன்னைத் திருப்பி அறைந்தால் வாங்கிக்கொள். மீட்டரை அவர் கையில் கொடு. அவர் படிக்கட்டும், நீ எழுது.

அவரைப் பொன்னான் என்று இனி எழுதாதே. பொன்னான் என்று ஒரு மனிதர்தான் இருந்தார், அவரை நான் கொன்றுவிட்டேன். உன் நிலவறையில் இருப்பவர் வேறு ஆள், இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும். அவரிடமே கேட்டு எழுது. அது இல்லாமல் உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் வேண்டாம். அந்தப் பெயர் வந்த அன்றே வீராயியிடம் போய்ச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டுவிட்டு அவள் திரும்பவும் ஜல்லி உடைக்க ஆரம்பித்துவிட்டாள், ஆனால் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

அப்பா